எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 11 பாரதி நினைவு நாளன்று எட்டயபுரம் போய், அவர் பிறந்த வீட்டில் மலர் தூவி வந்தோம். நவம்பர் 7, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த நாளில் பாட்டுப் போட்டி. நவம்பர் 14இல் தொடங்கிய நூலக வாரத்தில் பேச்சுப் போட்டி. தூத்துக்குடி, நெல்லை புத்தகத் திருவிழாக்களுக்குப் போய் நூல் வாங்கி வந்தோம். 2023 டிசம்பர் பெருமழையில் நனைந்து வீணான நூல்களில் பாதிக்கு மேல் திரும்ப வாங்கியாகிவிட்டது. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட கதைப் பெட்டி பற்றி. பிள்ளைகளுக்காக நாமே தொடர்கதை எழுதி, பகுதி பகுதியாகச் சின்னப் புத்தகமாக்கிப் படிக்கக் கொடுக்கும் ஏற்பாடு அது. அதற்காக, ஸ்டீல் பீரோ வாங்க ஒதுக்கி வைத்த பணத்தில் கைவைத்துவிட்டார் செயலாளர் என்று உறுப்பினர்கள் சிலர் வெளியில் பேசியதாகக் காதில் விழுந்தது. செயற்குழுவில் ஏழு பேரில் நான்கு பேர் ஒப்புதல் தந்த பிறகுதான் அந்தப் பணத்தை எடுத்தேன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன. ஆனாலும் ஏன் எடுத்தேன் என்பதை எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்வது என் கடமை.

சனிக்கிழமை சாயங்காலம் நம் அறைக்கு வருகிற பிள்ளைகளை மூன்று வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் படக்கதைப் புத்தகம் போதும். பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய படம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றையும் ஆசையாகப் படிக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் ஒரு புத்தகம் முடிந்துவிடும். அப்புறம்? அப்புறம் எடுத்துக் கொடுக்க நம் அலமாரியில் இருந்தவை 150, 200 பக்கச் சிறுவர் நாவல்கள். பொடி எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை வாங்கிப் புரட்டும், படம் எங்கே என்று தேடும், வைத்துவிட்டுக் கேரம் போர்டுக்குப் போய்விடும். ஏழு வயதில் நம்மிடம் ஓடி வந்த பிள்ளை ஒன்பது வயதில் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்தில் இந்த வயதுக்கென்றே தனி வகை இருக்கிறது. சாப்டர் புக் என்பார்கள். 60 முதல் 100 பக்கம், பெரிய எழுத்து, ஏழெட்டுப் பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், நடுநடுவே கறுப்பு வெள்ளைப் படம். மாயக் கதவு, பேசும் மிருகம், தொலைந்த புதையல் என்று சாகசம் போகும். ஒரு புத்தகத்தில் வந்த அதே பிள்ளைகள் அடுத்ததிலும் வருவார்கள். அதனால் ஒன்றைப் படித்த பிள்ளை அடுத்ததைத் தானே தேடும். தமிழில் அந்த அளவில், அந்த எழுத்தில் நம் அலமாரியில் இருந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நமக்கு இது புதிது என்றும் சொல்ல முடியாது. கல்கி, விகடன் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் அடுத்த இதழ் எப்போது வரும் என்று கடைக்காரரை நச்சரித்தவர்கள் நாம். ‘தொடரும்’ என்ற ஒரு சொல் நம்மை மாதக் கணக்கில் காக்க வைத்தது. அந்தச் சொல்லை இன்றைய எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு இருந்தது இந்த ஓர் ஆசைதான்.

அதற்கு வழி கழுகுமலையில் கிடைத்தது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் 19 பேரை வேனில் அழைத்துப் போனோம். கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். வருகிறேன் என்று பெயர் கொடுத்த உறுப்பினர்கள் 11 பேர். வந்தவர்கள் பொருளாளர், ஓர் ஆசிரியை, நான். வராதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்ததில் எட்டுப் புளியோதரைப் பொட்டலம் மிஞ்சியது. 19 பிள்ளைகளைப் பாறை மேல் ஏற்றி இறக்க மூன்று பேர் போதாது என்பதை அன்று அனுபவித்தோம். ஆடிக் காற்று வேறு ஆளைத் தள்ளியது. ஒன்றும் ஆகாமல் திரும்பியது பெரிய விஷயம்.

வெட்டுவான் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மலையை மேலிருந்து கீழாக வெட்டி, ஒரே பாறையில் கோயிலாக்கியிருக்கிறார்கள். விமானம், நந்தி, மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, வரிசையாகக் குட்டிப் பூதகணங்கள் என்று மேலே எல்லாம் முடிந்திருக்கும். அடிப்பகுதி வேலை முடியாமல் நின்றுவிட்டது. மகன் தன்னை மிஞ்சிவிட்டான் என்று தகப்பன் சிற்பி அவனைக் கொன்றுவிட்டான், அதனால் வேலை நின்றது என்று ஊரில் வழங்கும் கதையை ஆசிரியை சொன்னார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: “மேல இருக்கிற பூதம்லாம் எப்படிக் கீழ எறங்கும் தாத்தா? கீழதான் இன்னும் கட்டி முடிக்கலையே!”

வேனில் திரும்பும்போது முழுக்க இதே பேச்சுதான். ஒருவன் கயிறு கட்டி இறக்கலாம் என்றான். ஒருத்தி, தொலைந்துபோன உளியைக் கண்டுபிடித்தால் மிச்சத்தையும் செதுக்கிவிடலாம் என்றாள். உளி எங்கே இருக்கும்? அரசமரத்தடியில், கிணற்றுக்குள், கழுகின் கூட்டில். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். 1,200 வருடமாகக் கீழே இறங்கக் காத்திருக்கும் ஒரு குட்டிப் பூதம், அதற்கு உளி தேடிப் போகும் அக்காளும் தம்பியும். கதைப் பெட்டியின் முதல் கதை இதுதான்.

எட்டுப் பகுதி. ஒவ்வொன்றும் தனிப் புத்தகம். ஏ4 தாள் நான்கை மடித்தால் 16 பக்கம் வரும். நடுவில் இரண்டு பின். எழுத்து 18 பாயிண்ட், பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். படம் வரைந்தவர் பெயர்ப் பலகை எழுதும் நம் தம்பி, காசு வாங்கவில்லை. 12 செட் எடுத்தோம். கடையில் விற்கும் கதைப் புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்தால் வேலை சுலபம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். எழுதியவர் வயிற்றில் அடிக்கிற அந்த வேலையை வட்டம் செய்யாது என்று அன்றே சொல்லிவிட்டேன், இங்கும் பதிவு செய்கிறேன்.

எழுதுவதில்தான் பாடுபட்டோம். முதல் பகுதியின் முதல் வரியை நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘மலையடிவாரத்திலிருந்து மேலேறிக்கொண்டிருந்தபோது’. ஒரு பையனைப் படிக்கச் சொன்னேன். விரலை வைத்து ம, லை, ய என்று கூட்டிப் போனான். ‘கொண்டிருந்த’ வரை வந்ததும் நின்று, திரும்ப முதலுக்குப் போனான். சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் அதன் முதல் மறந்துவிடுகிறது. எழுத்து தெரியாததால் வந்த தடங்கல் இல்லை இது. நாம் சேர்த்துச் சேர்த்து எழுதும் நீளம்தான் காரணம். அன்றே எல்லாவற்றையும் கிழித்துவிட்டு ‘இரண்டு பேரும் மலை ஏறினார்கள். காற்று தள்ளியது’ என்று தொடங்கினேன். அதே பையன் நிற்காமல் படித்தான்.

ஒற்று விஷயத்தில் நம் தமிழ் ஐயாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. ‘கதவைத் திறந்தான்’ என்பதில் அந்த ‘த்’ எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, விட்டுவிடலாமா என்றேன். கூடவே கூடாது என்றார். இப்போது பார்த்துப் பழகினால்தான் பின்னால் தானாக எழுத வரும் என்று அவர் சொன்னது சரி. ஒற்று அப்படியே இருக்கிறது. பேச்சில் வரும் வரிகளை மட்டும் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினேன். ‘ஏலே, கீழ பாக்காத!’ என்று அக்காள் கத்தும் இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐயாவுக்கு அதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆனாலும் எட்டுப் பகுதிக்கும் பிழை திருத்தியவர் அவரே.

பூதம், மாயம் என்று எழுதினால் பிள்ளைகள் மனதில் மூடநம்பிக்கை வளராதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கடிதம் கொடுத்திருந்தார். நியாயமான கேள்வி. பூச்சாண்டி வருவான் என்று பயம் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அங்கே பிள்ளை பயந்து ஒடுங்குகிறது. இந்தக் கதையில் பூதம் உதவி கேட்கிறது, பிள்ளை யோசித்து வழி கண்டுபிடிக்கிறது. மந்திரம் போட்டு எதுவும் நடக்கக் கூடாது என்பதை எழுதும்போதே விதியாக வைத்தேன். கிணற்றுக்குள் இறங்க அவர்கள் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாப் பகுதியையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. ஒன்றைப் படித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. மூன்றாம் பகுதி, தம்பி பாறை இடுக்குக்குள் நுழைந்து உள்ளிருந்து சத்தம் வராமல் போவதோடு நிற்கும். அதைச் சனிக்கிழமை வாங்கிப் போன பிள்ளை, பூதம் எப்படி இறங்கும் என்று மலையில் கேட்ட அதே பிள்ளைதான், திங்கட்கிழமை இருட்டும் நேரத்தில் என் வீட்டு வாசலில் நின்றது. “தாத்தா, நாலாவது புக்கு இருக்கா?” சனிக்கிழமை வா என்றேன். நகரவில்லை. “எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. உள்ள போனவன் என்ன ஆனான்னு.” தாயார் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். வட்டத்தின் விதியை அன்று நானே மீறினேன். நாலாம் பகுதியைக் கொடுத்து அனுப்பினேன். அந்த நடையை, சட்டைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை, பீரோ கேட்கும் அன்பர்கள் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். விவரமான வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. கதைப் பெட்டிக்கு ஆன செலவு, அட்டை, பின் எல்லாம் சேர்த்து, நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான். அறை வாடகைதான் கையைக் கடிக்கிறது. சந்தா மாதம் 25 ரூபாய். இன்றைக்கு ஒரு டீயும் வடையும் அந்தக் காசுக்குக் கஷ்டம். 62 உறுப்பினர்களில் இந்த ஆண்டு முழுதும் செலுத்தியவர்கள் 23 பேர். இரண்டு வருடமாக ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர்கள் 17 பேர். பெயர் வாசிக்கப் போவதில்லை. வீடு வீடாக மூன்று முறை போய் வந்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றவர்கள், அந்த அடுத்த வாரம் கூட்டத்துக்கே வரவில்லை என்பது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

திரும்பி வராத நூல்கள் 41. அவற்றில் பிள்ளைகள் எடுத்தவை ஆறு. மிச்சம் எல்லாம் பெரியவர்களான நாம் எடுத்தவை. பிள்ளைகள் புத்தகத்தை ஒட்ட ஒட்டத்தான் திருப்பித் தருகிறார்கள், நம் ஊர்க் கடலை மிட்டாய் கையோடு படித்ததால். ஆனாலும் தருகிறார்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்த பிறகு அதுவும் குறைந்திருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், தமிழ் ஐயா, கழுகுமலைக்கு வந்த ஆசிரியை, ஓவியத் தம்பி, வாடகையை உயர்த்தாத வீட்டுக்காரர், பாதி விலைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடைக்காரர். அனைவருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் கதையின் எட்டாம் பகுதியை முடித்த பிள்ளைகள் 14 பேர். அடுத்த கதை எங்கே என்று கேட்கிறார்கள். அதே அக்காளும் தம்பியும் இந்த முறை எட்டயபுரத்துக்குப் போகிறார்கள். முதல் பகுதி எழுதி முடித்தாயிற்று. 12 செட் போதவில்லை, 20 வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் இருவராவது சேர்ந்தால் மூன்றாவது கதையும் தைக்குள் வந்துவிடும். எனக்குக் கண்ணில் புரை வளர்ந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆவணியில் அறுவைச் சிகிச்சை. அந்த ஒரு மாதம் சனிக்கிழமை நான்கு மணிக்கு அறையைத் திறந்து பெட்டியை எடுத்து வைக்க ஆள் தேவை. செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வேன். சாவி ஒன்று கூடுதலாகச் செய்து வைத்திருக்கிறேன்.

புதுக் கதையின் முதல் பகுதி முன் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்