தென்கடலில் இரண்டு ராத்திரி: எங்களோடு விழித்திருந்தவர்களுக்கு நன்றி

இயேசுவுக்கே புகழ்!

பாம்பன், தங்கச்சிமடம் மக்களே, என் வீட்டுக்காரரும் தம்பியும் மீன்பிடிக்கப் போன வல்லம் (நாட்டுப்படகு) எஞ்சின் பழுதாகி, வாடைக்காற்று இழுத்த இழுப்புக்குத் தென்கடலில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் விடிகாலை முல்லித்தீவுப் பக்கம் கீழக்கரை வல்லம் ஒன்று கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது. ஒவ்வொரு வீடாக வந்து சொல்ல முடியாததால் இந்த மடல்.

தொழிலை நிறுத்திவிட்டுத் தேடப்போன அண்ணன்மாருக்கு முதல் நன்றி.

அப்புறம், நம்ம பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியத்து அக்காமாருக்கு. இரண்டு ராத்திரியும் என் வீட்டுத் திண்ணையை விட்டு நீங்கள் எழுந்திருக்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவேன், பாதியில் தொண்டை அடைத்துவிடும். மீதியை நீங்கள் சொல்லி முடித்தீர்கள். ஜெபமாலை மணியை ஒவ்வொன்றாக என் விரலுக்குள் தள்ளிவிட்டாரே பக்கத்து வீட்டு அக்கா, அந்தக் கையை நான் மறக்க மாட்டேன்.

இந்தப் பயம் எனக்கு அப்பத்தாவிடமிருந்து வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். இன்றும் கூரையில்லாமல் நிற்கிறதே, அந்தக் கோயிலுக்குப் பூசைக்குப் போய் வளர்ந்தவர். வாடை எழும்பினாலே விளக்கை அணைக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் மாலை பங்குச்சாமி வந்து மாற்கு 4-ஆம் அதிகாரம் வாசித்தார். புயலில் ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிய இடம். "இப்பவும் தூங்குறாரே சாமி!" என்று கத்திவிட்டேன். சாமி கோபப்படவில்லை. "சீடர்களும் அப்படித்தாம்மா கத்தினாங்க. ஆனா அவர் அதே படகுலதானே இருந்தாரு" என்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வயிறு கலங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் 'திருப்பிக் கொடும்' என்றே கேட்டுக்கொண்டிருந்தவள், 'உம் கையில்தான் இருக்கிறார்கள் ஆண்டவரே' என்று சொல்லத் தொடங்கினேன். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று மனதார ஒப்படைக்க நடுச்சாமம் ஆனது. அதற்குப் பிறகுதான் மகளைத் தூக்கி மடியில் போட்டு ஒரு வாய் சோறு ஊட்ட முடிந்தது.

கீழக்கரை பாய்மாரே, உங்களுக்கு டீசலும் போச்சு, அன்றைய தொழிலும் போச்சு. பணம் நீட்டியபோது, "நாளைக்கு நாங்க கிடந்தா நீங்க வர மாட்டீங்களாம்மா?" என்று கையை மடக்கிவிட்டீர்கள். வருவோம் அண்ணே.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசையை நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுக்கிறோம். பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வாங்க, சோறும் மீன்குழம்பும் தயாராக இருக்கும். கீழக்கரையிலிருந்தும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.