நவீன நடனத்துக்கும் விமர்சனம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் சபாக்களின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கும் நம் நாளிதழ்கள், நவீன நடனத்தைப் பற்றி எழுத நேர்கையில் ‘ஒரே அசைவையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்’ என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வது வருத்தம் தருகிறது.

பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான தட்டடவை மூன்று காலங்களில் (வேகங்களில்) ஆடிப் பழகியவர்களும், வர்ணம் என்னும் நீண்ட உருப்படியில் ஒரே சாகித்திய வரி பலமுறை பாடப்பட ஒவ்வொரு முறையும் புதிய சஞ்சாரி, அதாவது அபிநய விரிவு, மலர்வதை ரசித்தவர்களும் நிறைந்த ஊர் இது. ஆனால் பரதத்தில் ஆடுபவரின் களைப்பு வெளியே தெரியக் கூடாது. பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1983-இல் உருவாக்கிய ‘ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்’ படைப்பின் ஒரு பகுதியில் நான்கு பெண்கள் நாற்காலிகளில் அமர்ந்து, தலைமுடியைக் கோதுவது, கால்மேல் கால் போடுவது, சட்டையைச் சரிசெய்வது போன்ற அன்றாடச் செய்கைகளையே கணக்குப் பிசகாமல் மீண்டும் மீண்டும் செய்கிறார்கள். நேரம் ஆக ஆக அவர்களுக்கு மூச்சு வாங்குவதை அந்தப் படைப்பு மறைப்பதில்லை. நாள்தோறும் ஒரே வேலையைச் செய்யும் உடல் என்னவாகிறது என்பதைக் கதையோ அபிநயமோ இல்லாமல் அந்தக் களைப்பே சொல்லிவிடுகிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பரதம், களரிப்பயட்டு, யோகம் ஆகியவற்றுக்கு இடையிலிருந்த வேலியை நடன அமைப்பாளர் சந்திரலேகா தம் ‘அங்கிகா’ படைப்பில் (1985) தாண்டியது இங்கே, பெசன்ட் நகரில் வாழ்ந்துகொண்டுதான். அவருடைய குழுவில் ஆடிய பத்மினி செட்டூரின் ‘வால் டான்சிங்’ படைப்பில் மேடை கிடையாது. கலைஞர்கள் சுவர்களை ஒட்டி இயங்க, எங்கே நிற்பது, எவ்வளவு நெருங்குவது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்துகொள்ள வேண்டும். இருக்கை எண்ணைத் தேடி அமர்ந்தே பழகிய நமக்கு அது சங்கடமாகத்தான் இருக்கும். வீட்டுவேலைக்கு வருபவருக்குத் தனி லிஃப்ட் காட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ள நகரத்தில், யார் எதுவரை வரலாம் என்று உடலைக் கொண்டே கேட்கும் கலையை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, தங்கள் கலைப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது சென்னையில் நடக்கும் நவீன நடன நிகழ்ச்சி ஒன்றை, முழுமையாக உட்கார்ந்து பார்த்த ஒருவரைக் கொண்டு விமர்சிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதட்டும். நிகழ்ச்சி நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே வெளியிட்டால், ஆங்கில நாளிதழ் வாங்காத வாசகர்களும் போய்ப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.