திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற என் பிள்ளைக்கு

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை இரவு.

என் அன்புக் குஞ்சுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு குசினிக்குள் போய் வெகுநேரம் சும்மா நின்றேன். அப்பா தேத்தண்ணி கேட்டது காதில் விழவே இல்லை. இதையெல்லாம் போனில் சொல்ல வெளிக்கிட்டால் நான் அழுதுவிடுவேன், நீயும் "விடுங்கோ அம்மா" என்று கதையை மாற்றிவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

மூன்று மாதமாக நித்திரை இல்லை என்றாய். படுக்கையில் போனைப் பிடித்தபடி விடியும்வரை காஸா வீடியோக்களைப் பார்க்கிறாய், இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கி எடுக்கும் பிள்ளைகளின் முகம் வேலையில் இருக்கும்போதும் முன்னால் வந்து நிற்கிறது என்றாய். பார்க்காமல் விட்டால் துரோகம் செய்வதுபோல இருக்கிறது என்றாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த நாளில் நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தனான் அம்மா" என்றாய்.

2009 ஓகஸ்ட் கடைசி. உனக்கு ஒன்பது வயது. இறுதி யுத்தத்தில் கண்ணும் கையும் கட்டியவர்களை ஆமிக்காரர் சுடுவதாகச் சானல் 4 ஒளிபரப்பிய அந்த வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். நீயும் அப்பாவும் நித்திரை என்று நினைத்துத்தான் ஹோலில் லைட்டைப் போடாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். தண்ணி குடிக்க எழும்பி வந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாயாம். கூப்பிட்டால் அம்மா பயந்துவிடுவா என்று சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்தாயாம். ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய். பதினாறு வருசமாக ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள் குஞ்சு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அதை ஏன் பார்த்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சின்ன மாமாவைத் தேடினேன். சண்டை நடந்த முல்லைத்தீவில், மாத்தளன் பக்கம் போகிறோம் என்று 2009 பெப்ரவரியில் ஒருவர் மூலம் சேதி வந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. முகாம்களிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். அந்த வீடியோவில் இருந்தவர்களுக்குக் கண்ணும் கையும் கட்டியிருந்தது, முகம் தெரியாது. அதனால் நான் கால்களைப் பார்த்தேன். அவனுக்கு இடது கணுக்காலில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்ப ஓடவிட்டு, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவன் அதில் இல்லை என்று மூன்றாம் தடவையே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பார்த்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், நீ சொன்ன அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்: பார்க்காமல் விட்டால் அவனைக் கைவிட்டதுபோல.

அந்த வீடியோ பொய் என்று சிலர் சொன்னார்கள் அல்லவா? 2010 ஜனவரியில் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்துப் பார்ப்பித்தார். சட்ட வைத்தியம் தெரிந்த ஒருவர், துப்பாக்கி தெரிந்த ஒருவர், வீடியோ தெரிந்த ஒருவர். அது உண்மையானது என்பதற்கே சான்றுகள் பலமாக இருக்கின்றன என்று அவர் அறிவித்தார். பார்க்கவேண்டியவர்கள், பார்க்கத் தெரிந்தவர்கள், ஒழுங்காகப் பார்த்தார்கள். அது சாட்சி. நான் இருட்டில் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தது யாருக்கும் சாட்சியாகவில்லை, என்னை மட்டும் தின்றது. அடுத்த வருசம் முழுக்க நான் உனக்குத் தலை இழுத்தபோது என் கை நடுங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

பார்த்ததோடு சரி, தனக்கு ஒன்றும் நடக்கவில்லையே, பிறகேன் இப்படி என்று உன்னையே நீ திட்டிக்கொள்ளாதே. 2013இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்ததே, அதைப் பற்றி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியதைப் பிறகு வாசித்தேன். அந்த வாரம் நாளுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களை விடவும் அதிக மன அழுத்தக் குறிகள் இருந்தனவாம். நேரில் நின்றவனுக்கு அது ஒரு தடவை நடந்து முடிகிறது. போனில் அது முடிவதே இல்லை. இப்படியானவற்றைப் பார்த்து நீக்குவதையே தொழிலாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2020இல் பேஸ்புக் 52 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சம்பளத்துக்குப் பார்த்தவர்களையே அது அப்படி உடைத்திருக்கிறது.

இன்னொன்று. 1983 ஆடி 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரம். எனக்குப் பதினாலு வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தா. யன்னல் இடுக்கால் நான் எட்டிப் பார்த்தபோது அம்மம்மா பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தினா. அந்தக் கையில் சாம்பிராணி மணந்தது. அதனால் அன்று நான் கண்டது கொஞ்சம் புகை மட்டும்தான். ஆனால் காதைப் பொத்த அவவுக்கு மூன்றாவது கை இல்லை. காலி வீதியில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கிய சத்தமும் ஓர் ஆளின் குரலும் இன்றும் என்னோடு இருக்கின்றன. குசினியில் ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தால் அப்பா என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் சொல்கிறேன், கட்டாயம் ஒன்றைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் சத்தத்தை முதலில் நிறுத்திவிடு.

2012இல் ஒரு ஆலோசகரிடம் போனேன், உனக்குச் சொல்லவில்லை. பார்க்காதே என்று அவ ஒருநாளும் சொல்லவில்லை. தேடுகிறவர்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. பகலில் பாருங்கள், பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பாருங்கள், ஒரு தடவை பார்த்ததும் எழுதிவையுங்கள் என்றா. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். வீடியோ எந்தத் திகதியில் வந்தது, எத்தனை பேர், "அவன் இல்லை" என்று எழுதி மூடிவிடுவேன். எழுதியதைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. அப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார், ஒன்றும் கதைக்கமாட்டார். அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. முப்பத்தொரு பக்கம்.

நீ யாரையும் தேடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எதையோ தேடுகிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. காஸாவில் என்ன நடக்கிறது என்பதை வாசி. பெயர்களை வாசி, வைத்தியர்கள் எழுதுவதை வாசி, உன்னால் முடிந்த காசை அனுப்பு, ஊர்வலத்துக்குப் போ. வீடியோ தானாக ஓடாதபடி போனில் மாற்றிவை. வட்ஸ்அப்பில் வருவது தானாக இறங்காதபடியும் செய். போன் இரவில் குசினியில் கிடக்கட்டும், எழும்ப ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கு. எதிர்பாராமல் ஏதும் கண்ணில் பட்டு மனதைக் குத்தினால் உடனே டெட்ரிஸ் விளையாடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒக்ஸ்ஃபோர்டில் 2009இல் செய்த ஒரு பரிசோதனையில், கொடூரமான காட்சிகளைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் பத்து நிமிடம் அதை விளையாடியவர்களுக்கு, அந்த வாரம் அந்தக் காட்சிகள் திரும்ப வந்தது குறைவு. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் படம் ஆழமாகப் பதியாதாம். இப்படியும் நித்திரை வராவிட்டால் குடும்ப வைத்தியரிடம் போய் உள்ளதைச் சொல். இங்கே என்றால் மனநல உதவிக்கான 1926 என்ற நம்பருக்கு எடுக்கச் சொல்லியிருப்பேன்.

வந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் எடுத்த ஒன்று எங்கள் மாடிக் குழுவுக்கு மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டது. மூன்றாம் மாடி அக்கா தன் மச்சாளை முதலில் கண்டது அந்த வீடியோவில்தான். அவவின் வீட்டார் அழுத சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பதில் கேட்டு வீதியோரம் இருக்கத் தொடங்கினார்களே, நானும் ஒருதடவை போய் அவர்களோடு இருந்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிற படம். சடலத்தின் படத்தை அங்கே யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தோடு சின்ன மாமாவின் படம் ஒன்று வைக்கிறேன். 2002, சண்டை நின்று வன்னிக்கான ஏ9 பாதை திறந்த வருசம், எங்களைப் பார்க்கக் கொழும்புக்கு வந்திருந்தான். காலி முகத்திடலில் நிற்கிறான். ஒரு கையில் பட்டம், மற்றக் கையில் நீ. உனக்கு இரண்டு வயது. இறால் வடை உறைப்பு என்று அழுதுகொண்டிருக்கிறாய், அவன் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கமெராவைப் பார்க்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறான். வடிவாகப் பார்த்தால் இடது கணுக்காலில் அந்தத் தழும்பு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எடு. எந்த நேரமென்றாலும் எடு, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா