தள்ளுபடி செய்யுங்கள், ஏன் என்று எழுதுங்கள்

சேலம் மாவட்டத்தில் உட்பிரிவுப் பட்டா மனுக்களைக் கையாளும் வட்டாட்சியர்களுக்கும், நில அளவைப் பிரிவினருக்கும், கிராம நிர்வாக அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பெரிய நிலத்திலிருந்து வாங்கிய துண்டை அளந்து பிரித்துத் தனிப் பட்டா கேட்கும் இந்த மனுக்கள் படும் பாட்டை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மேசையில்தான் அவை கிடக்கின்றன. முன்கதையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறோம். போன வாரம் ஒரு மனு மூன்றாவது முறையாகத் தள்ளுபடி ஆனது. இணையத்தில் நிலையைத் திறந்து பார்த்தால், முதல் இரண்டு முறை இருந்த அதே வரி: "ஆவணங்கள் போதுமானதாக இல்லை." எந்த ஆவணம்? யார் தர வேண்டியது? ஒன்றும் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தள்ளுபடி செய்வது உங்கள் அதிகாரம், அதில் தலையிடவில்லை. ஏன் என்று எழுதுங்கள்.

மனு சேலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. மூன்று சகோதரர்கள் சேர்ந்து கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட். பட்டா மூவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. வாய்ப்பேச்சாக ஆளுக்கு 40 சென்ட் என்று பிரித்து, வரப்புப் போட்டு, குச்சிக்கிழங்கு நட்டு வந்தார்கள். தெற்கு ஓரத்தில் இருந்த இளையவர் தன் பாகத்தில் 5 சென்ட்டை விற்றார். வாங்கியவர் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம், சுத்தமாக இருக்கிறது: கிழமேல் இருபுறமும் 33 அடி, தென்வடல் இருபுறமும் 66 அடி, ஆக 2,178 சதுர அடி. 66 அடி என்பது பழைய அளவுச் சங்கிலி ஒன்றின் நீளம், அகலம் அரைச் சங்கிலி. அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழிகாட்டி மதிப்பு சதுர அடி 500 ரூபாய் கணக்கில் 10,89,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 98,010 ரூபாய். அரசுக்கு இவ்வளவு கட்டியவருக்கு 14 மாதத்தில் அரசிடமிருந்து வந்த பதில் மூன்றே சொல்.

இந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் என்னென்ன காரணம் ஒளிந்திருக்கலாம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விற்றவர் பெயரே பட்டாவில் ஏறாமல், இறந்துபோன அப்பா பெயரில் இருக்கலாம். அப்படியானால் வாரிசுச் சான்றை வைத்து முதலில் வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற வேண்டும். விற்ற துண்டுகளைக் கூட்டினால் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில், உள்ள பரப்பைத் தாண்டியிருக்கலாம். 40 சென்ட்டில் எட்டுத் துண்டு போட்டு, நடுவில் 12 அடித் தடமும் விட்டேன் என்பவர்கள் உண்டு. 132 அடி நீளத் தடம் மட்டுமே மூன்றரை சென்ட்டுக்கு மேல் விழுங்கும், கடைசியில் வாங்கியவருக்குத்தான் குறையும். அப்போது பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். தரையில் இருக்கும் வேலியும் புலப்படத்தில் (நிலத்தின் அளவை வரைபடத்தில்) உள்ள கோடும் ஒட்டாமல் இருக்கலாம். அதற்கு அத்துக் காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, கட்டணம் கட்டி, அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, கல்லிலிருந்து கல்லுக்கு அளக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனை என்றால் அதை முறைப்படுத்த (வரன்முறைக்கு) ஒரு வழி, பின் விற்றது என்றால் வேறு வழி. புறம்போக்கோ கோயில் நிலமோ குறுக்கே வந்திருக்கலாம், அதற்குப் பரிகாரமே கிடையாது, பணத்தைத் திருப்பிக் கேட்பதைத் தவிர.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோய் இன்னது என்று சொல்லாமல் சீட்டைக் கிழித்துப் போட்டால் ஆள் எந்தக் கடைக்குப் போவார்? இ-சேவை மையத்துக்குத்தான் போவார். மறுபடி பதிவேற்றுவார், அதே காகிதங்களை.

பட்டறைத் தொழிலாளியும் அதைத்தான் செய்தார். இரண்டாம் தள்ளுபடிக்குப் பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கோப்பின் குறிப்புப் பக்க நகல் கேட்டோம். மூன்றாவது தள்ளுபடி வந்த அதே வாரம் அது வந்தது. முதல் மனு வந்த பத்தாம் நாளே யாரோ நீல மையில் தெளிவாக எழுதியிருக்கிறார்: "கூட்டுப் பட்டாதாரர்களில் மூத்தவர் இறப்பு. வாரிசுகள் சம்மதம் இல்லை. பாகப்பிரிவினை இல்லை."

சரியான காரணம். நாங்கள் வாதாட மாட்டோம். பிரிபடாத சொத்தில் ஒரு பங்குதாரர் தன் பங்கை விற்கலாம், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 44-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் வாங்கியவருக்குக் கிடைப்பது அந்தப் பங்கும், பிரித்துக் கேட்கும் உரிமையும்தான். தெற்கு ஓரத்து 33-க்கு 66 இவருடையதே என்று மற்றவர்களைக் கட்டுப்படுத்த இளையவரின் கையெழுத்து மட்டும் போதாது. பத்திரம் எழுதியவர் இதை வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் தவறு எங்கள் தொழிலில் இருப்பவர்மேல்தான், அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நீல மையில் எழுதிய அந்த மூன்று வாக்கியத்தை மனுதாரருக்கு அனுப்புவதில் என்ன கஷ்டம்?

அது போகாததால் நடந்ததைக் கேளுங்கள். இறந்த மூத்தவருக்கு, முதல் தள்ளுபடியின்போது வாரிசுகள் நான்கு பேர்: மனைவி, மகன், மகள், தாயார். தாயாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவி மக்களுக்குச் சமமான பங்கு. அந்த நான்கு பேரோடு நடுச் சகோதரரும் சேர்ந்து ஐந்து கையெழுத்து. எல்லாரும் ஒரே ஊர், ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும். மனு போட்ட ஒன்பதாம் மாதம் அந்தத் தாயார் இறந்துபோனார். அவர் பங்கு இப்போது அவருடைய பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் இறங்கிவிட்டது. கட்டிக் கொடுத்த மகள்கள் இரண்டு பேர் புதிதாக உள்ளே வருகிறார்கள், ஒருவர் ஓசூரில், ஒருவர் திருப்பூரில். ஐந்து கையெழுத்து ஆறானது. ஒருவர், எனக்குப் பங்கு இருக்கிறது என்று இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். இதற்கிடையில், தனிப் பட்டா கேட்டிருந்த வங்கி, ஒப்புதல் கொடுத்த வீட்டுக்கடனுக்குக் கெடு முடிந்தது என்று கடிதம் அனுப்பிவிட்டது.

ஒரு வரி எழுதாததன் விலை இது. ஏன் என்று எழுதுங்கள்.

காரணம் இல்லாத ஆணைக்கு மேல்முறையீடும் செய்ய முடியாது. பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் தருகிறது. "ஆவணங்கள் போதுமானதாக இல்லை" என்ற ஆணையை எதிர்த்து என்ன எழுதுவது? "போதும்" என்றா?

இங்கே வேறு ஒன்றும் சொல்லியாக வேண்டும். பட்டா உரிமை ஆவணம் அல்ல, வருவாய்ப் பதிவுதான் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து விற்பனையில் பதிவு செய்த பத்திரத்தால்தான் கை மாறும் என்பது சட்டம். நல்லது. சார்பதிவாளரிடம் போனால், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை அல்ல என்பார். விற்பவர் தன் மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதியலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. உங்களிடம் வந்தால், உரிமைப் பிரச்சினை சிவில் நீதிமன்றத்துக்கு என்பீர்கள். வில்லங்கச் சான்றில் வாய்ப்பேச்சுப் பிரிவினை வராது, பதியாத உயில் வராது, செத்தவர் கணக்கும் வராது. அப்படியானால் இந்த 5 சென்ட் யாருடையது என்று யாரைக் கேட்பது, கோட்டை மாரியம்மனையா? ஆனால் கட்டட அனுமதி கேட்டாலும் கடன் கேட்டாலும் முதலில் கேட்பது பட்டா. உரிமையைக் காட்டாத காகிதம் இல்லாமல் உரிமையை அனுபவிக்க முடியாது. இந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அளவர் இல்லை, ஆள் பற்றாக்குறை என்பது வழக்கமான பதில். இருக்கலாம். 2018-இல் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட வந்தபோது அளவர்கள் குறைவாக இருந்ததாக எங்களுக்கு நினைவில்லை. சரி, அதை விடுவோம்.

அளவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பத்திரம் சென்ட்டில் பேசுகிறது, பட்டா ஹெக்டேர், ஏரில் பேசுகிறது. 5 சென்ட் என்பது 202.34 சதுர மீட்டர், அதாவது 2.02 ஏர். அதை வெறும் 2 ஏர் என்று முழுமைப்படுத்தினால் 25 சதுர அடி போய்விடும். 33 அடி அகல மனையில் அது 9 அங்குலம், ஒரு செங்கல் சுவரின் கனம். பக்கத்து மனைக்காரருக்கும் இவருக்கும் நாளை வரப்போகும் சண்டை அந்த 9 அங்குலத்தில்தான் இருக்கிறது.

ஏற்காட்டில் இது இன்னும் மோசம். புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட தூரம். சரிவில் டேப்பைத் தரையோடு பிடித்து 66 அடி என்று பத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். 20 பாகைச் சரிவில் அந்த 66 அடி, படத்தில் 62 அடிதான். 33 அடி அகலத்துக்கு 132 சதுர அடி காற்றில் போய்விடும். அளவர் சரியாகத்தான் அளந்திருப்பார், வாங்கியவரோ லஞ்சம் கொடுக்காததால் குறைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். மேற்கு எல்லை சில்வர் ஓக் மரம் என்று எழுதிய பத்திரங்களும் மலையில் உண்டு. மரத்தை வெட்டி விற்றபின் எல்லை எங்கே? அளந்த கோட்டை வரைந்து, இங்கே 4 அடி குறைகிறது, சரிவினால் என்று ஒரு வரி எழுதினால் பாதிப் பேர் சண்டைக்கே வர மாட்டார்கள்.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமையும் வரப்பில் நின்று சங்கிலி பிடிப்பவர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பணிவோடு கேட்பது இவ்வளவுதான். தள்ளுபடி ஆணையில் எந்தக் காரணம், எந்த ஆவணம் குறைவு, அதை யார் தர வேண்டும் என்று எழுதுங்கள். அளந்த மனு என்றால் அளவர் வரைந்த வரைபடத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அளக்க வரும் நாளை மனுதாரருக்கும் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கும் முன்பே சொல்லுங்கள், வந்து பூட்டிய வேலியைப் பார்த்துவிட்டு "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று எழுதாமல். கோப்பில் எழுதும் அதே வரியை வெளியிலும் எழுதினால் போதும், புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம்.

அந்த 5 சென்ட் விஷயத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி வைத்தாகிவிட்டது. திருப்பூரிலிருந்து வந்தவர் உட்பட ஐந்து பேர் சம்மதித்துவிட்டார்கள். ஓசூர் அக்கா ஆடி கழியட்டும் என்கிறார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு, அதற்கு அடுத்த வாரம் நான்காவது மனு உங்களிடம் வரும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, இரண்டு இறப்புச் சான்று, இரண்டு வாரிசுச் சான்று, மனையின் வரைபடம் எல்லாம் இணைப்பில் இருக்கும். போதவில்லை என்றால், எது போதவில்லை என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
சேலத்தில் பத்திரம் எழுதியும் புலம் அளந்தும் பழகிய சிலர்