பட்டர்வொர்த் டாக்சி அண்ணனுக்கு

அண்ணே, உங்கள் பெயரைக் கேட்டு வைக்காதது என் தப்புதான். வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேர டயாலிசிஸ். பினாங்குப் பாலம் தாண்டி என் தோழியை ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப் போய் வந்தீர்கள். அடுக்குமாடியில் லிப்ட் கெட்ட அன்று, யாரும் கேட்காமலே அவளைத் தூக்கிக்கொண்டு 4 மாடி ஏறினீர்கள். அவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் அவள் எதிரில் நீங்கள் ஒரு வாய் குடித்ததில்லை. அதை அவள்தான் கவனித்துச் சொன்னாள். எனக்கு எங்கே உறைத்தது! சில நாள், அவள் கும்பிடட்டும் என்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமாகச் சுற்றிப் போவீர்கள். அந்தச் சுற்றுக்குக் காசு வாங்கியதில்லை.

போன வாரம் அவள் போய்விட்டாள். உங்கள் நம்பர் அவள் கைப்பேசியில். அது பூட்டிக் கிடக்கிறது. 16-ஆம் நாள் காரியத்துக்கு வாங்க அண்ணே. வீடுதான் உங்களுக்குத் தெரியுமே.