கிராமப்புறக் கால்நடை மருத்துவர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சக மருத்துவர்களே, வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு 6 முறை கூடியது. 5 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ நாளைக் கொண்டாடினோம். பாதிப் பேர் கன்று இழுக்கப் போய்விட்டதால் கூட்டம் மெலிந்தே இருந்தது.

ஒருவர் விலகினார். சங்கத்தை மட்டுமல்ல, தொழிலையே விட்டுவிட்டார். கடிதத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று இரண்டே சொல். என்ன ஏது என்று நம்மில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, நான் உட்பட. இந்த ஆண்டு நடந்த மற்றதெல்லாம் அந்த உறுத்தலில் தொடங்கியதுதான்.

மாதக் கூட்டம் என்றால் மடிநோய், சினைப் பரிசோதனை, புதுக் குடற்புழு மருந்து என்றுதான் பேசுவோம். ஒரு மாதம் தலைப்பே இல்லாமல் கூடினோம். முதல் இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மடிநோய் மருந்தைப் பற்றிக் கேட்டே விட்டார். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர் பேசினார்.

கன்று ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலில் விழுந்து கிடக்கும் மாடு, கால்சியம் ஏறியதும் சாணி போட்டுவிட்டு எழுந்து நிற்குமே, அதைவிட மனம் நிறையும் காட்சி நம் தொழிலில் இல்லை. அதே கால்சியம் இதயத்தை நிறுத்தவும் செய்யும். அன்று ராத்திரி அவர் மெதுவாகத்தான் ஏற்றினார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பாதி பாட்டிலில் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிட்டது. 'டாக்டர் ஊசி போட்டார், மாடு செத்துப்போச்சு' என்றுதான் ஊர் சொல்லும். அதற்கு என்ன விளக்கம் கொடுத்தாலும் எடுபடாது. ஆனால் அந்த வீட்டார் திட்டவில்லை. அந்த அம்மா வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்து, "கை கழுவுங்க சார், இருட்டா இருக்கு, பார்த்துப் போங்க" என்றாராம். பதினோரு வருஷம் ஆகிறது. "திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்" என்றார்.

அதன்பிறகு கூட்டத்தை முடிக்கத்தான் முடியவில்லை. செத்த கன்றைத் தாயின் வயிற்றுக்குள்ளேயே கம்பி ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் சிரித்த முகத்தோடு சினை பார்த்ததை ஒருவர் சொன்னார். காலையில் தடுப்பூசி போட்ட அதே கையால் மாலையில் நாயை நிரந்தரமாகத் தூங்க வைத்ததை இன்னொருவர் சொன்னார். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றில் நோயே தொடாதவை ஏராளம். அந்த வேலைக்கும் கால்நடை மருத்துவர்கள்தான் போனார்கள் என்பதை ஒருவர் நினைவுபடுத்தினார்.

என் கணிப்பில், சாவு நமக்குப் பழகிவிடுகிறது. காப்பாற்றத் தெரிந்தும் விட வேண்டியிருப்பதுதான் பழகுவதில்லை. அறுவை செய்தால் பிழைக்கும், ஆனால் செலவு மாட்டின் விலையைத் தாண்டும். உரிமையாளர் நம் முகத்தைப் பார்த்து, "உங்க மாடா இருந்தா என்ன செய்வீங்க?" என்பார். எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லாத கேள்வி அது.

மற்றொரு கூட்டத்துக்கு மனநல ஆலோசகர் ஒருவரை அழைத்திருந்தோம். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வை எடுத்துச் சொன்னார். பொதுமக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஆண் மருத்துவர்களுக்கு 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களுக்கு 3.5 மடங்கு. இதை அறிக்கையில் சேர்த்தால் புதிதாக வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று செயற்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. பயந்தாலும் பரவாயில்லை என்றுதான் சேர்த்திருக்கிறேன்.

செய்த ஏற்பாடுகள் இரண்டு. இரவு அழைப்புகளை நால்வர் நால்வராகப் பிரித்து முறை வைத்தோம். இது பாதிதான் தேறியது. "எங்க டாக்டர்தான் வரணும்" என்று வீட்டார் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது நமக்கும் உள்ளூரக் குளிர்ந்துவிடுகிறது, வண்டியை எடுத்துவிடுகிறோம். இரண்டாவது, அழைப்புப் பட்டியல். கேஸ் கைவிட்டுப் போனால், வண்டியைக் கிளப்பும் முன் பட்டியலில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எந்த நேரமானாலும் எடுக்க வேண்டும். எடுப்பவர் "ஏன் அப்படிச் செய்யலை?" என்று மட்டும் கேட்கக் கூடாது. முதல் மாதம் ஒரு அழைப்பும் வரவில்லை. மூன்றாம் மாதம் என் கணக்கிலேயே இரண்டு. ஒன்று எனக்கு வந்தது, மற்றொன்று நான் கூப்பிட்டது.

விலகிய நண்பரை நானும் தலைவரும் நேரில் போய்ப் பார்த்தோம். கடைசிக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார், பேசவில்லை. போகும்போது பட்டியலின் அடியில் தன் எண்ணையும் எழுதிவிட்டுப் போனார். உறுப்பினர் அல்லாதவரின் எண்ணை அச்சிட விதியில் இடமில்லை. அதற்கான திருத்தத்தை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்