பையை அவர்களே அடுக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் இந்தக் கடிதம். விதிமுறைகள் அச்சிட்ட தாள் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கும். சீருடை, தாமத வருகை, லீவ் லெட்டர் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு தடவை படித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச நினைப்பது வேறு விஷயம்.

போன வருடம் பள்ளி திறந்த மூன்றாவது வாரம், ஆறாம் வகுப்பில் ஒரு பையன் அறிவியல் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பையை அப்படியே பெஞ்சின் மேல் கொட்டச் சொன்னேன். ஐந்து நோட்டுகள் விழுந்தன. அவற்றில் மூன்று அன்றைய கால அட்டவணையிலேயே இல்லாத பாடங்களுடையவை. மூடியில்லாத இரண்டு பேனாக்கள், பாக்ஸை விட்டுத் தனியாக வந்துவிட்ட ஒரு கவராயம், கடைசியில் அடியிலிருந்து பந்தாகக் கசங்கிய ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தால், இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை. அறிவியல் நோட்டை மட்டும் காணோம்.

"அம்மா வைக்கலை சார்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஐந்தாம் வகுப்பு வரை அம்மாதான் வைத்திருக்கிறார். கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குகிற பையன் அவன். ஆனாலும் முதல் தேர்வில் மார்க் சரிந்துவிட்டது. பாடமெல்லாம் புரிந்துதான் இருந்தது. என்றைக்கு எந்த டெஸ்ட், எந்த நோட்டை யாரிடம் எப்போது கொடுக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களை ஒரே ஆசிரியர் எடுப்பார். யார் எதை மறப்பான், யாருக்கு எது வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் நிறைய எழுத வைத்துவிட்டால் மறுநாள் அவரே குறைத்துக்கொள்வார். ஆறாம் வகுப்பில் ஆறேழு பேர் வந்து போகிறார்கள். கணக்கு ஆசிரியர் வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்திருப்பது சமூக அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாமலே போகலாம். ஸ்டாஃப் ரூமில் ஒரு பலகை மாட்டி இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறோம், முழுவதும் முடியவில்லை. ஏழு பாடங்களின் கணக்கையும் மொத்தமாகக் கையில் வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் உங்கள் பிள்ளைதான். இந்த மூன்று வருடங்களில் பிள்ளை முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். மார்க்கை அதற்கு அடுத்தபடியாகத்தான் பார்ப்பேன்.

இது தானாக வந்துவிடாது. திட்டமிடுவது, ஒத்திப்போடாமல் இருப்பது, நினைவில் வைத்துச் செய்வது, இவற்றைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை "மறந்துட்டேன்" என்று சொன்னால் பெரும்பாலும் அது உண்மைதான். கத்தினால் ஞாபகசக்தி வளராது. நினைவில் நிற்காததைத் தாளில் எழுதி வைக்கப் பழக்கலாம்.

அதனால் இந்த வருடம் ஒவ்வொரு பீரியடின் கடைசி இரண்டு நிமிடமும் டைரி எழுதத்தான். ஆசிரியர் பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போடுவதை ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நிறுத்துகிறோம். ஆறாம் வகுப்புக்கு மட்டும் முதல் மூன்று மாதம் தொடரும். இதற்குச் சிலர் என்மேல் கோபப்படுவீர்கள் என்று தெரியும். வீட்டுப்பாடம் அம்மாவின் போனுக்கு வந்தால் அது அம்மாவின் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியமே பிள்ளைக்கு இருப்பதில்லை.

அப்புறம் பை. இரவு படுக்கப் போகும் முன், கால அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையே அடுக்கட்டும். காலையில் வேண்டாம், காலையில் எல்லோருக்கும் அவசரம். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நில்லுங்கள். "நாளைக்கு முதல் பீரியட் என்ன? அதுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள், ஆனால் பைக்குள் கையை விடாதீர்கள். மூன்றாவது வாரம் அறை வாசலில் இருந்தபடி கேட்டால் போதும். பிறகு வாரத்தில் ஒரு நாள் சும்மா ஒரு பார்வை. ஒரே நாளில் "இனிமே உன் பாடு" என்று விட்டுவிடுவதும் தப்பு, எட்டாம் வகுப்பு வரை ஜிப் போட்டுக்கொடுப்பதும் தப்பு. சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, அவர்களுக்குத் தெரியாமல் கையை எடுத்தோமே, அந்த மாதிரிதான்.

மறந்துபோன நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி வராதீர்கள். மூக்குக்கண்ணாடி, மருந்து, சாப்பாடு என்றால் கட்டாயம் வாருங்கள். நோட்டு, சார்ட், கலர் பென்சில் என்றால் வேண்டாம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்கு: முதல் தடவை மறந்து வந்தால் எந்த ஆசிரியரும் தண்டிக்க மாட்டார். "எப்போது கொண்டுவருவாய்?" என்று மட்டும் கேட்பார். பிள்ளை சொல்கிற நாளை டைரியில் எழுதச் சொல்வார். அந்த நாளும் தவறினால்தான் பேச்சு.

எத்தனை நாளில் இது படியும் என்று கேட்பீர்கள். ஒரு பழக்கம் யோசிக்காமலே செய்கிற அளவுக்கு எப்போது ஊறுகிறது என்று லண்டனில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிருக்கிறது, நடுமதிப்பு 66 நாள். அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்றும் கண்டார்கள். அதனால் பத்தாவது நாள் பிள்ளை பையை அடுக்காமல் தூங்கிவிட்டால் "நீ திருந்தவே மாட்டே" என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

நான் இதில் யோக்கியன் இல்லை. என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். மறுநாள் கொடுக்க வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொன்னாள். திட்டிக்கொண்டே உட்கார்ந்து, நீரின் சுழற்சியை மேகம், மலை, ஆறு என்று பதினோரு மணி வரை நானே வரைந்தேன். ஆசிரியர் வேலை பார்க்கிறவன், தெரிந்தே செய்தேன். அடுத்த நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க சார்ட்டுக்கு ஒன்பது மார்க்குப்பா" என்றாள். அந்த "உங்க" இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே இந்த வருடம் ப்ராஜெக்ட் எல்லாம் வகுப்பிலேயே செய்கிற மாதிரி மாற்றச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் செய்துவர வேண்டியது ஏதாவது இருந்தால் கோணல்மாணலாக வரட்டும், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த விடைக்கும் இதே கதைதான். எழுதியதைப் பற்றி நேரில் இரண்டு கேள்வி கேட்போம். அதில் வருகிற பதிலுக்குத்தான் மார்க்.

இனி படிப்பு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கிற விதம் எப்படி என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்து அதே பக்கத்தை மூன்று நான்கு தடவை வாசிப்பது. வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வில் மூடிய புத்தகத்தோடு உட்கார்ந்தால் பாதி வராது. ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவை ஒரு பத்தியை நான்கு தடவை படிக்க வைத்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 61.

வீட்டில் இதைச் செய்ய உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். "நாங்க அவ்வளவு படிக்கலை சார், எப்படிச் சொல்லித் தர்றது?" என்று வருத்தப்படுகிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். நீங்கள் சொல்லித் தர வேண்டாம். புத்தகத்தை மூடி உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளை திக்குகிற இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம். தேர்வுக்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, அதற்கு முன் மூன்று நாள் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டால் நன்றாக நிற்கும். அந்த இரவு கொஞ்சம் சீக்கிரம் தூங்கவும் முடியும்.

தூக்கம் என்றதும் போனும் ஞாபகம் வருகிறது. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 வயதிலிருந்து 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரைத்தது. பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் எழ முடியாமல் திணறுவதை வெறும் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் அந்தத் தள்ளிப்போன நேரத்தில் போனும் கையில் இருந்தால் பன்னிரண்டு மணியைத் தாண்டிவிடும். இரவில் எல்லாப் போனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும்தான். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, அதில் மாற்றமில்லை.

திருத்திய விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது மொத்த மார்க்கைக் கடைசியில் பாருங்கள். முதலில் தப்பான விடைகளைப் பிள்ளையோடு பார்த்து, இது தெரியாமல் போனதா, தெரிந்தும் அவசரத்தில் விட்டதா, கேள்வியையே சரியாகப் படிக்கவில்லையா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இந்தப் பேச்சில் தயவுசெய்து இழுக்காதீர்கள்.

நண்பர்கள் விஷயம் இந்த வயதில் வாரத்துக்கு ஒரு தடவை மாறும். நேற்று வரை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்று பேசமாட்டார்கள், நாளை மறுபடி ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதற்கெல்லாம் நாம் நடுவில் போக வேண்டாம். ஆனால் ஒரே பிள்ளையைப் பலர் சேர்ந்து தொடர்ந்து ஒதுக்குவதும், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும், குழுவில் படம் போட்டுக் கேலி செய்வதும் சண்டையில் சேராது. நிறையப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தால், பொருள்கள் அடிக்கடி தொலைந்தால் அன்றைக்கே வகுப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். பெற்றோர் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேலி செய்கிற பக்கத்தில் உங்கள் பிள்ளை இருந்தாலும் நாங்கள் கூப்பிடுவோம். அப்போது "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று ஆரம்பிக்காமல் ஐந்து நிமிடம் கேளுங்கள், அது போதும்.

அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. திறந்த முதல் வாரம் வராந்தாவில் பார்த்தபோது, "பையைக் காட்டுடா" என்றேன். சிரித்துக்கொண்டே திறந்தான். அன்றைய நோட்டுகள் வரிசையாக இருந்தன. கவராயம் பாக்ஸுக்குள் போய்விட்டது. அடியில் இன்னும் ஒரு காகிதப் பந்து இருந்தது. அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் பிள்ளைகள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். கசங்கி வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள துண்டில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துப் பிள்ளையிடம் கொடுங்கள், திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். பையில் நீங்கள் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்